மூன்றாவது மணி

மும்பை மாட்டுங்காவில் காலேஜ் பேக் ரோடு என்று ஒரு தெரு. பெயர்ப்பலகையில் ஆர்.பி. மசானி சாலை என்றுதான் இருக்கும். பழைய ஆட்களுக்கு அது இன்னமும் காலேஜ் பேக் ரோடுதான். சின்ன வயதில் அப்பாவோடு ஃபைவ் கார்டன்ஸ் பக்கம் மாலை நடை போனால், அந்தத் தெரு முனையில் அப்பா நடையைத் தளர்த்துவார். "இங்கேதான்டா பிருத்விராஜ் கபூர் குடியிருந்தார்" என்பார். போன வாரமும் சொன்னது அவருக்கு நினைவிருக்காது. இத்தனைக்கும் சினிமா பார்க்காத மனிதர். ஃபோர்ட்டில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். வாழ்நாளில் காசு கொடுத்துப் பார்த்த இந்தி நாடகம் ஒன்றே ஒன்று, ஆபெரா ஹவுஸில் 'பதான்'.

அந்த நாடகத்தின் கதையை அப்பா எனக்குச் சொன்னதே இல்லை. முடிந்து வெளியே வந்தபோது கண்டதைத்தான் சொல்வார். வாசலில் பிருத்விராஜ் நிற்கிறார். முகத்தில் ஒப்பனை கலையவில்லை. தலை குனிந்திருக்கிறது, கையில் விரித்த துணி. யார் போடுகிறார்கள், எவ்வளவு போடுகிறார்கள் என்று ஏறிட்டுப் பார்க்கவில்லை. பஞ்சம், பிரிவினையில் வீடிழந்தவர்கள் என்று அந்தந்தக் காலத்துத் துயரத்துக்கு அந்தப் பணம் போகும். அப்பா நாலணா போட்டிருக்கிறார். "அத்தனை பெரிய மனுஷன், என் நாலணாவுக்குத் தலை குனிஞ்சு நிக்கறார்டா" என்று சொல்லும்போது ஒவ்வொரு தடவையும் அவர் குரல் கொஞ்சம் இறங்கும்.

நான் மேடை விளக்குக்காரன். பகலில் வங்கி வேலை பார்த்து ஓய்வு பெற்றாயிற்று. ராத்திரி வேலைக்கு ஓய்வில்லை. தமிழ் நாடகம், மராத்தி நாடகம், அரங்கேற்றம், பள்ளி ஆண்டு விழா என்று நாற்பது வருடமாக டிம்மர் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். வெளிச்சம் சரியாக இருந்தால் விளக்குக்காரன் ஒருவன் இருப்பதே சபைக்குத் தெரியாது. தப்பினால்தான் நானூறு தலையும் என் பக்கம் திரும்பும். இந்த வேலையில் ஊறியவனுக்கு, மேடையின் வெளிச்சத்திலிருந்து தானே இறங்கி வந்து இருட்டுப் பக்கம் வேலை எடுத்துக்கொள்ளும் நடிகர்கள்மேல் ஒரு தனிப் பிரியம் வந்துவிடும். எனக்கு அப்படிப் பிரியமானவர் பிருத்விராஜின் பேத்தி சஞ்சனா கபூர். அவரிடம் நான் பேசியதில்லை. அவர் வளர்த்த அரங்கத்தில் உட்கார்ந்து நாடகம் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். ஒரு விளக்குக்காரனுக்கு அது போதும்.

பிருத்விராஜ் 1944இல் ஆரம்பித்த பிருத்வி தியேட்டர்ஸ் ஒரு கம்பெனி. நம் டி.கே.எஸ். சகோதரர்கள், நவாப் ராஜமாணிக்கம் கம்பெனிகளைப் போலவே மூட்டை முடிச்சு, சீன் திரை, ஒப்பனைப் பெட்டி எல்லாவற்றையும் ரயிலேற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போன குழு. 16 வருடம், 2,662 காட்சிகள். சினிமாவில் சம்பாதித்ததை நாடகத்தில் கொட்டினார். உடம்பும் குரலும் ஒத்துழைக்காமல் 1960இல் கம்பெனி நின்றது. இடையில் 1952இலிருந்து ராஜ்ய சபாவின் நியமன உறுப்பினராக இருந்தார். நாடகக் குழுக்களுக்கு ரயில் கட்டணத்தில் 75 சதவீதச் சலுகை அவர் முயற்சியால்தான் கிடைத்தது என்று மராத்தி நாடகக்காரர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். கலைக்கு வக்காலத்து என்றால் மாலை போட்டுக்கொண்டு மேடையில் பேசுவது என்றே நாம் பழகிவிட்டோம். டிக்கெட் கவுன்டரில் முக்கால் பங்கு குறைத்து வாங்கித் தருவதும் வக்காலத்துதான். டெம்போவுக்கும் ரயிலுக்கும் தன் கையிலிருந்து காசு கொடுத்தவனைக் கேளுங்கள்.

தாய் வழியிலும் சஞ்சனாவுக்கு நாடக ரத்தம்தான். தாத்தா ஜெஃப்ரி கெண்டல் 'ஷேக்ஸ்பியரானா' என்ற குழுவைக் கூட்டிக்கொண்டு இந்தியாவின் பள்ளிக்கூடங்களிலும் சமஸ்தானங்களிலும் ஷேக்ஸ்பியர் நாடகம் போட்டவர். அவர் மகள் ஜெனிஃபரைத்தான் பிருத்விராஜின் மகன், சஞ்சனாவின் தகப்பனார் சசி கபூர் மணந்தார். சித்தி ஃபெலிசிட்டி கெண்டல் லண்டன் மேடையிலும் பிபிசி தொலைக்காட்சியிலும் பெயர் வாங்கியவர். இரண்டு பக்கமும் பெட்டி கட்டிக்கொண்டு அலைந்த குடும்பங்கள். அந்த அலைச்சலுக்கு ஒரு வீடு கட்டியவர்கள் சசியும் ஜெனிஃபரும். ஜுஹுவில் பிருத்விராஜ் குத்தகைக்கு எடுத்து வைத்திருந்த மனை, 1972இல் அவர் காலமான பிறகு குடும்பத்தின் கைக்கு வந்தது. அதில் வேத் சேகன் என்ற கட்டடக் கலைஞர் வரைந்த சின்ன பிருத்வி அரங்கத்தை 1978 நவம்பர் 5ஆம் தேதி திறந்தார்கள். ஏறத்தாழ 200 இருக்கை.

சஞ்சனாவுக்கு அப்போது பதினோரு வயதுகூட நிரம்பவில்லை.

இந்த இடத்தில் என் தொழில் பேச்சைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் வளர்ந்தது சண்முகானந்தா மேடையைப் பார்த்து. 1963இல் திறந்த அரங்கம். 2,700க்கும் மேல் இருக்கைகள். சென்னையிலிருந்து நாடகக் கோஷ்டி வந்தால் மாட்டுங்கா, சயான், செம்பூர் மொத்தமும் அங்கே இருக்கும். நாங்கள் உட்கார்ந்த மாடிக்கு நடிகர் கட்டைவிரல் அளவுதான் தெரிவார். அந்த மாதிரி மேடைக்கு வெளிச்சம் போடுவது, ஒரு வகையில், சுலபம். எல்லோரும் ஒரே பக்கம் உட்கார்ந்திருக்கிறார்கள். எதிரே உயரத்தில் ஒரு கம்பி. அதில் இடமும் வலமுமாக விளக்கைக் கட்டி, ஏறக்குறைய 45 டிகிரியில் இறக்கினால் முகம் துலங்கிவிடும். மிச்சத்தை வண்ண ஜெல் பார்த்துக்கொள்ளும்.

பிருத்வி அரங்கத்தில் மேடை சபைக்குள் நீண்டு வருகிறது. மூன்று பக்கமும் ஆட்கள். மேடை என்று ஓர் உயரமே கிடையாது, தரைதான் மேடை. முதல் வரிசைக்காரர் காலை நீட்டினால் நடிகர் தடுக்கி விழுவார். இங்கே விளக்குக்காரனுக்கு வரும் தலைவலி இதுதான்: இடப்பக்கத்து ஆளுக்கு முன்விளக்காக இருப்பது வலப்பக்கத்து ஆளின் கண்ணில் நேராகப் போய்க் கூசும். கூசக் கூடாதென்று விளக்கைச் செங்குத்தாகத் திருப்பினால் நடிகரின் கண்குழி கறுத்துப்போகும், ஆள் பத்து வயது மூத்துவிடுவார். விளக்குக்கு இரும்பு மடல் போட்டு ஓரத்தை வெட்டலாம். ஆனால் ஒரு விரற்கடை கூட வெட்டினாலும் நடிகர் இரண்டடி நகர்ந்ததும் இருட்டில் நிற்பார். ஒவ்வொரு விளக்கும் ஒரு பஞ்சாயத்து.

எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் தாதர் சிவாஜி மந்திர் பக்கத்து மராத்திக்காரர். காகா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். "மூணு பக்கம் சபை இருந்தா முகத்துக்கு விளக்குப் போடாதே, நடுவுல இருக்கற காத்துக்குப் போடு" என்பார். பல வருடம் எனக்கு அது புரியவில்லை. பிருத்வியில் ஒரு நாடகத்தைப் பக்கவாட்டு வரிசையிலிருந்து பார்த்தபோதுதான் புரிந்தது. நடிகர்மேல் விழுந்த வெளிச்சத்தின் சிந்தல் எதிர்ப்பக்கத்து முதல் வரிசையில் மெல்லப் பட்டிருந்தது. அங்கே ஓர் அம்மா, மடியில் கைப்பை, முகத்தைத் துடைக்காமல் அழுதுகொண்டிருந்தார். எனக்கு நடிகர் தெரிந்தார், அவருக்குப் பின்னால் அந்த அம்மாவும் தெரிந்தார். அங்கே யாரும் தனியாக உட்கார்ந்து நாடகம் பார்க்க முடியாது. தாராவியில் அம்மன் கொடைக்கு வட்டம் கட்டி உட்காரும் கூட்டத்தைப் பார்த்தவனுக்கு, கூத்துக் களரியைப் பார்த்தவனுக்கு, இதில் புதுமை ஒன்றுமில்லை. பணம் போட்டுக் கட்டிய ஓர் அரங்கம் அந்த நெருக்கத்தைத் துரத்தாமல் உள்ளே வைத்துக்கொண்டதுதான் ஆச்சரியம்.

இப்படிப்பட்ட இடத்தில் வளர்ந்த பெண் நடிகையாவதில் என்ன அதிசயம்? ஆனார். தகப்பனார் தயாரித்த '36 சௌரங்கி லேன்' படத்தில் (1981) தாய் ஜெனிஃபர் ஏற்ற பாத்திரத்தின் இளமைப் பருவமாக வந்தார். 'உத்சவ்', 'சலாம் பாம்பே' படங்களில் இருந்தார். 1988இல் 'ஹீரோ ஹீராலால்', நசீருதீன் ஷாவோடு. மேடையில் நடித்தார். பிறகு தொலைக்காட்சியில் 'அமுல் இந்தியா ஷோ'வைச் சில வருடம் நடத்தினார். அந்த நிகழ்ச்சி எங்கள் கட்டடத்திலும் ஓடும். கபூர் வீட்டுப் பெண், முகமும் மொழியும் இருக்கிறது, அடுத்து என்ன என்று ஊரே கணக்குப் போடும் வயது.

அந்த வயதில் அவர் பிருத்வி அரங்கத்தை எடுத்துக்கொண்டார். 1984இல் ஜெனிஃபர் காலமானார். அண்ணன் குணால் கபூரும் நாடக இயக்குநர் ஃபிரோஸ் அப்பாஸ் கானும் அரங்கத்தை நடத்திக்கொண்டிருந்தார்கள். 90களின் தொடக்கத்தில் பொறுப்பு சஞ்சனாவிடம் வந்தது. ஏறக்குறைய இருபது வருடம் அதிலேயே இருந்தார்.

அரங்கம் நடத்துவது என்றால் என்னவென்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. தேதி கேட்டு வரும் முப்பது குழுக்களில் எதற்கு வெள்ளி, சனி கொடுப்பது, எதைச் செவ்வாய்க்குத் தள்ளுவது. பேர் தெரியாத பையன்கள் போடும் முதல் நாடகத்துக்கு வாடகையை எந்த மட்டத்தில் வைப்பது. கழிவறையில் தண்ணீர் வருகிறதா. நேற்று ராத்திரி தரையில் அடித்த ஆணியைப் பிடுங்கினார்களா. வெறுங்காலோடு நடித்தவருக்குத்தான் அந்த ஆணி ஞாபகம் இருக்கும். அதனால்தான் நடித்தவர்கள் அரங்கம் நடத்த வேண்டும் என்கிறேன். நிர்வாகிகளுக்குக் கணக்கு வரும், ஆணி வராது. பிருத்வியில் நாடகக் குழுவுக்கு வாடகை குறைவு, டிக்கெட்டும் எட்டும் விலை, திங்கள் தவிர எல்லா நாளும் நாடகம். கோடை விடுமுறையில் குழந்தைகளுக்கு நாடகப் பட்டறை. பெயர் போன இந்தி நடிகர்கள் எத்தனையோ பேர் அந்தத் தரையில் உருண்டு எழுந்தவர்கள். அவர்கள் பெயரையெல்லாம் அடுக்குவது எனக்குப் பிடிக்காது. அடுக்கினால் அரங்கம் சினிமாவுக்கு ஆள் அனுப்பும் கடை மாதிரி ஆகிவிடும்.

அங்கே ஒரு கறார் உண்டு. நாடகம் ஆரம்பித்துவிட்டால் கதவு திறக்காது. நான் பட்டிருக்கிறேன். மாட்டுங்காவில் ஏறி, தாதரில் இறங்கி, மேற்கு லைனுக்குப் பாலம் தாண்டி, விலே பார்லேயில் ஆட்டோ பிடித்து, அரங்கம் இருக்கும் ஜானகி குடீர் போவதற்குள் பத்து நிமிடம் பிந்திவிட்டேன். தாதரில் நின்று ஒரு வடாபாவ் தின்றது என் தப்பு. வாசலில் இருந்த பையன் குரலை உயர்த்தவில்லை, சிரிக்கவும் இல்லை. "ஆரம்பமாயிடுச்சு சார்." அவ்வளவுதான். வெளியே காபிக் கடையில் சுலைமானி சாயா குடித்துக்கொண்டு, உள்ளேயிருந்து வந்த சிரிப்புச் சத்தத்தை ஒன்றரை மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்குக் கோபமே வரவில்லை. பொறாமைதான் வந்தது.

ஏன் பொறாமை என்று சொல்ல வேண்டும். எங்கள் குழு ஒருமுறை ஒரு புராண நாடகம் போட்டது. எந்த அரங்கம், எந்த அமைப்பு என்பதெல்லாம் வேண்டாம். ஆறரைக்கு நாடகம். ஆறேகாலுக்கு முதல் மணி அடித்தாயிற்று. தலைமை விருந்தினர் வரவில்லை. இரண்டாம் மணியை அடிக்க வேண்டாம் என்று செயலாளர் ஓடி வந்து சொன்னார். ஏழே முக்காலுக்கு அவர் வந்தார். குத்துவிளக்கு, வரவேற்புரை, பொன்னாடை, அவருடைய பேச்சு, நன்றியுரை. அத்தனை நேரமும் சிவனாக நின்ற எங்கள் பையன் நீலப் பூச்சும் ஜடையுமாக விங்கில் வேர்த்துக்கொண்டிருந்தான்; பூச்சு கழுத்தில் கோடு கோடாக வழிந்தது. எட்டரைக்குத் திரை தூக்கினோம். பத்து மணிக்கு அரங்கத்தைக் காலி செய்ய வேண்டும். கடைசிக் காட்சியில் இரண்டு பக்கம் வெட்டினோம். அதில் நான் பதினைந்து நாள் யோசித்து வைத்திருந்த ஒரு வெளிச்சமும் போயிற்று. டோம்பிவிலி, கல்யாண் போக வேண்டியவர்கள் அதற்கு முன்பே எழுந்துவிட்டார்கள். மறுநாள் அழைத்துப் பாராட்டியவர்கள் எல்லோரும் தலைமை விருந்தினரின் பேச்சைத்தான் பாராட்டினார்கள்.

கபூர் என்ற பெயர் பல கதவுகளைத் திறந்திருக்கும், மறுக்கவில்லை. ஜுஹுவுக்கு வரும் சபையும் தாராவிச் சபையும் ஒன்றல்ல என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பெயர் இருந்தவர்கள் வழக்கமாகப் போன பாதை செம்பூர்ப் பாதை. அங்கே 1948இல் ராஜ் கபூர் தொடங்கிய ஆர்.கே. ஸ்டுடியோவின் வாசலைப் பார்ப்பதற்கென்றே பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடிப்போம். 2017இல் தீப்பிடித்தது, 2019இல் ஒரு கட்டட நிறுவனத்தின் கைக்குப் போய்விட்டது. அதே குடும்பத்தின் இருநூறு இருக்கை அரங்கத்தில் இன்றைக்கும் நாடகம் நடக்கிறது. சசி கபூருக்கு தாதா சாகேப் பால்கே விருதை 2015இல் அந்த அரங்கத்திலேயே வைத்துத்தான் கொடுத்தார்கள். ஜெனிஃபரின் பிறந்த நாளான பிப்ரவரி 28 அன்று வருடா வருடம் ஜாகிர் உசேன் அங்கே தபலா வாசித்துக்கொண்டிருந்தார். எங்கள் பக்கத்து மாஹிம் பிள்ளை. 2024 டிசம்பரில் அவர் காலமானதோடு அது போயிற்று.

சஞ்சனாவின் வாழ்க்கையில் எனக்கு இன்னும் பிடித்த திருப்பம் 2012. தான் வளர்த்த அரங்கத்தை அண்ணன் குணாலிடம் விட்டுவிட்டு வெளியே வந்து, சமீரா ஐயங்காரோடு 'ஜுனூன்' அமைப்பைத் தொடங்கினார். கட்டடம் இல்லாத வேலை. பள்ளிக்கூடங்களுக்குக் கலைஞர்களை அழைத்துப் போவது. பைகுலாவில் பாவு தாஜி லாட் அருங்காட்சியகத்தில் 'மும்பை லோக்கல்' என்று மக்களோடு கலைஞர்களை இலவசமாகப் பேச வைப்பது. நாடகக் குழுக்கள் தங்களைத் தாங்களே நடத்திக்கொள்ளக் கற்பதற்கு, இந்திய நாடக மன்றத்தோடும் கலைகளுக்கான இந்திய அறக்கட்டளையோடும் சேர்ந்து 'ஸ்மார்ட்' என்ற பயிற்சி. 2020இல் பிரெஞ்சு அரசு செவாலியே கொடுத்தது. தமிழர்களுக்கு அந்தப் பட்டத்தின் கனம் சிவாஜியால் தெரியும்.

கணக்கெழுதக் கற்றுத் தருவதெல்லாம் ஒரு கலைச் சேவையா என்று எங்கள் குழுவில் ஒரு பெரியவர் கேட்டார். அவரிடம் எங்கள் நோட்டுப் புத்தகத்தை நீட்டினேன். ஹால் வாடகை, விளக்கு வாடகை, டெம்போ, ஒப்பனைக்காரர், இட்லி வடை நாற்பது பேருக்கு, பொன்னாடை ஆறு. "மாமா, ஒத்திகைக்குன்னு ஒரு வரி இருக்கா பாருங்கோ" என்றேன். இல்லை. முப்பது வருட நோட்டில் ஒத்திகை அறைக்கு ஒரு ரூபாய்கூட நாங்கள் ஒதுக்கியதில்லை. யார் வீட்டு ஹாலிலாவது சோபாவை ஒதுக்கி வைத்துவிட்டு ஒத்திகை பார்த்திருக்கிறோம். அதனால்தான் எங்கள் நாடகங்களில் எல்லோரும் ஒரு சோபாவைச் சுற்றியே நடந்துகொண்டிருந்தார்கள் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. பெரியவர் நோட்டை மூடிவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது நான் தாராவியில், தொண்ணூறடிச் சாலைக்குப் பின்னால், தோல் பை தைக்கும் ஒரு கடைக்கு மேல்மாடியில் பிள்ளைகளோடு சனி ஞாயிறு நாடகம் செய்கிறேன். திருநெல்வேலிப் பேரன் பேத்திகள். வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, பள்ளியில் மராத்தியோ இங்கிலீஷோ. நாலு எல்.இ.டி. பார் விளக்கு, ஒரு சின்ன கன்ட்ரோலர். மேடை இல்லை. மூன்று பக்கமும் பாய். பன்னிரண்டு வயசுப் பெண் ஒருத்தி, விளக்கு வேலைதான் வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கிக்கொண்டாள். நடிக்க மாட்டேன் என்கிறாள். போன மாதம் கன்ட்ரோலரின் குமிழை அவள் மெதுவாக இறக்குவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். மூச்சை அடக்கிக்கொண்டு, நடிக்கிறவனின் தோளையே பார்த்துக்கொண்டு இறக்கினாள். அவன் தோள் தணிந்ததும் வெளிச்சம் தணிந்தது. கடைசிச் சொட்டு வெளிச்சம் எதிர்ப்பாயில் உட்கார்ந்திருந்த பாட்டியின் கன்னத்தில் நின்று அணைந்தது. காகா சொன்ன காற்று. அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

எங்கள் நோட்டில் இப்போது ஒத்திகைக்கு ஒரு வரி இருக்கிறது. மாடி வாடகை அதில்தான் எழுதுகிறோம். பொன்னாடை வரியை அடித்துவிட்டோம். சிறப்பு விருந்தினர் கிடையாது. நாடகம் முடிந்ததும் அந்தச் சிவன் பையன், இப்போது இரண்டு பிள்ளைக்குத் தகப்பன், மாடிப்படியின் கீழே ஒரு துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்பான். முதல் நாள் வெட்கப்பட்டான். அப்பாவின் நாலணாக் கதையைச் சொன்னேன்.

மும்பையில் இருப்பவர்கள் ஒருமுறை வாருங்கள். மாதக் கடைசி ஞாயிறு, மாலை ஆறரை. சயானில் இறங்கினால் நடக்கிற தூரம்தான். ஆறு இருபத்தைந்துக்கு மூன்றாவது மணி அடித்து, ஆறரைக்குக் கதவைச் சாத்துவோம். ஆறு நாற்பதுக்கு வருகிறவர்களுக்குக் கீழே கடையில் கட்டிங் சாய் கிடைக்கும்.